குவேக் 3 அரீனா: இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் ஆடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: 1999 டிசம்பரில் வெளிவந்த குவேக் 3 அரீனா என்ற கணினி ஆட்டத்தை, அதைவிட அழகான, அதைவிடப் பெரிய எத்தனையோ ஷூட்டர் ஆட்டங்கள் வந்துவிட்ட பிறகும் சிலர் விடாமல் ஆடுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? இளமைக்கால நினைவின் மேல் உள்ள பாசம்தானா, வேறு ஏதாவதா? பாசத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பழைய நினைவுக்காக ஓர் ஆட்டத்தைத் திறப்பவர் ஒரு மாலை நேரம் ஆடி, மனம் நிறைந்து மூடிவிடுவார். வாரம் தவறாமல் அதே மேப்பில், அதாவது ஆட்டக்களத்தில், அதே எதிராளியோடு மோதிக்கொண்டிருப்பவரையும், ஆட்டம் வெளிவந்தபோது பிறந்தேயிராத ஒருவர் இன்று அதைக் கற்றுக்கொள்ள முனைவதையும் பாசத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது. காரணம் ஆட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் முதல் நாளிலேயே ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வளரும் வேலை முழுவதையும் அவரிடமே விட்டுவிடும் ஆட்டம் இது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சிலவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டூம், குவேக் ஆகியவற்றால் பெயர் பெற்ற இட் சாஃப்ட்வேர் நிறுவனம், தன் மூன்றாவது குவேக்கில் கதை என்ற ஒன்றை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டது. தனியாக ஆடுபவரும் அதே களங்களில் கணினி இயக்கும் போட்களோடு மோத வேண்டியதுதான். சில வாரங்களுக்கு முன்பு, 1999 நவம்பரில், எபிக் நிறுவனத்தின் அன்ரியல் டோர்னமென்ட் இதே எண்ணத்தோடு வந்திருந்தது. அரீனா ஷூட்டர் என்று இன்று நாம் சொல்லும் வகைக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் உருவம் கொடுத்தன. அன்ரியல் டோர்னமென்ட்டில் ஒவ்வொரு ஆயுதத்தையும் இரண்டு விதமாகச் சுடலாம், கோட்டையைத் தாக்குவது போன்ற பல ஆட்டமுறைகள் உண்டு, உலகங்களும் விதவிதமானவை. குவேக் 3 எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டது. அருகில் நின்று தாக்கும் காண்ட்லெட்டையும் சேர்த்து ஒன்பது ஆயுதங்கள், இரண்டு வகைக் கவசம், உயிர்ப்புள்ளிகளைக் கூட்டும் சில ஹெல்த் பொருட்கள், சிறிது நேரத்துக்கு மட்டும் வலிமை தரும் குவாட் டேமேஜ் போன்ற சில பவர்அப்கள், அவ்வளவுதான். இரண்டு ஆட்டங்களையும் நான் மதிக்கிறேன். ஆனால் நீண்ட காலம் தாங்கும் ஈர்ப்பு என்று வரும்போது குவேக்கின் சிக்கனத்துக்கே என் வாக்கு.

களத்தில் உயிர்பெற்று இறங்கும் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒன்றே: 125 ஹெல்த், ஒரு மெஷின் கன், காண்ட்லெட். நூறுக்கு மேல் உள்ள ஹெல்த் விநாடிக்கு ஒன்றாகக் கரைந்துவிடும். பல ஆண்டுகள் ஆடியவருக்கும் இன்று நுழைந்தவருக்கும் இதில் துளியும் வேறுபாடு கிடையாது. வேறுபாட்டை உண்டாக்கக்கூடியவை எல்லாம் மேப்பில், எல்லோருக்கும் தெரிந்த இடங்களில் கிடக்கின்றன. மெகா ஹெல்த் 100 கூட்டும். சிவப்புக் கவசம் 100, மஞ்சள் கவசம் 50. கவசம் அணிந்தவர்மேல் விழும் அடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அந்தக் கவசமே ஏற்றுக்கொள்ளும்.

இந்த எண்கள் களத்தில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ராக்கெட் நேரடியாகப் பட்டால் 100 சேதம். 200 ஹெல்த்தும் 200 கவசமும் சேர்த்துக்கொண்டவரை வீழ்த்த நான்கு நேரடி ராக்கெட்டுகள் வேண்டும். இப்போதுதான் உயிர்பெற்று வந்தவர் இரண்டில் விழுந்துவிடுவார். மெஷின் கன் குண்டு ஒன்றுக்கு 7 சேதம், விநாடிக்குப் பத்துக் குண்டுகள். ஆக, வெறுங்கையோடு வந்தவர் அந்த முழு வலிமை பெற்றவரை மெஷின் கன்னால் மட்டுமே வீழ்த்த வேண்டுமானால், ஏறக்குறைய ஆறு விநாடிகளுக்கு ஒரு குண்டுகூடத் தவறாமல் சுட வேண்டும். அந்த ஆறு விநாடியும் அவர் திருப்பிச் சுடாமல் இருக்க வேண்டும். நடக்கிற காரியமா? அப்படியானால் முதலில் சேர்த்துக்கொண்டவரே கடைசி வரை வெல்ல வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். பலவீனமானவருக்கு வழி திறந்துவிடுவது கடிகாரம்.

எடுக்கப்பட்ட கவசம் 25 விநாடியில் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். மெகா ஹெல்த் 35 விநாடியில் தோன்றும். இந்த இரண்டிலும் தற்செயலுக்கு இடமே கிடையாது. ஒருவருக்கு ஒருவர் மோதும் டூயல் ஆட்டத்தில் கடிகாரம் 1:00 காட்டும்போது ஒருவர் சிவப்புக் கவசத்தை எடுக்கிறார், 1:05-இல் மெகாவையும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்தவுடனேயே ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டு வந்தால், கவசம் 1:25, 1:50, 2:15 ஆகிய நேரங்களில் திரும்பும். மெகா 1:40-இலும் 2:15-இலும் திரும்பும். முதல் மூன்று முறையும் அவர் ஓரிடத்தில் எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். 2:15 வரும்போது இரண்டும் ஒரே விநாடியில், மேப்பின் இரண்டு வேறு இடங்களில் தோன்றுகின்றன. அவரால் ஒன்றின்மேல்தான் நிற்க முடியும். ஒன்றேகால் நிமிடமாக அடிவாங்கிக்கொண்டு ஒதுங்கியிருந்த எதிராளிக்கு இன்னொன்று கிடைக்கும். எதிராளி எதையெல்லாம் எப்போது எடுத்தார் என்று கவனித்து வந்தவருக்கு இந்த இடைவெளி முன்கூட்டியே தெரியும். கவனிக்காதவருக்கு அது வந்துபோனதே தெரியாது.

வலுவானவருக்கும் இது தெரியும் அல்லவா? அதனால் அவர் 1:50-க்கு வந்த கவசத்தை உடனே எடுக்காமல் சில விநாடிகள் தாமதித்து எடுத்து, இரண்டு பொருட்களின் நேரத்தையும் பிரித்து வைத்துக்கொள்வார். ஆனால் எடுக்காமல் விட்ட கவசத்தை யாராவது காவல் காக்க வேண்டும். காவல் காப்பவர் எங்கே நிற்கிறார் என்பதை எதிராளி ஊகித்துவிடலாம். ஊகித்தால் அந்த இடத்தை நோக்கி ஒரு கையெறி குண்டை உருட்டிவிடலாம், அல்லது அவர் அங்கே கட்டுண்டு நிற்கும் நேரத்தில் தனக்கு வேண்டிய ஆயுதங்களைப் பொறுக்கிக்கொள்ளலாம். 25, 35 என்ற இரண்டு எண்களிலிருந்து இத்தனை வாய்ப்புகள் பிறக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது இரண்டு பேர் பாய்ந்து பாய்ந்து சுட்டுக்கொள்வது மட்டும். ஆடுபவரின் தலைக்குள் இரண்டு மூன்று கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த ஆட்டத்தை எத்தனை ஆண்டுகள் ஆடினாலும் அலுக்காமல் இருப்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

நேரத்தோடு சேர்ந்து வேலை செய்வது ஒலி. கவசத்தை எடுக்கும் ஒலி வேறு, மெகாவை எடுக்கும் ஒலி வேறு. குதிக்கும்போது பாத்திரத்தின் குரல் எழும். ஜம்ப் பேடு ஒருவரைத் தூக்கி எறியும் ஓசை தூரத்திலும் கேட்கும். ரெயில்கன் என்ற ஆயுதத்தைக் கையில் வைத்திருந்தாலே அது மெல்ல ரீங்கரிக்கும். தேர்ந்த ஆட்டக்காரர் எதிராளியைக் கண்ணால் பார்ப்பது ஆட்டத்தின் சிறு பகுதியில் மட்டுமே. மீதி நேரம் முழுவதும், எங்கோ ஒரு சிறு ஹெல்த் பொருள் எடுக்கப்பட்ட சத்தத்திலிருந்து, எதிராளி எந்தப் பாதையில் போகிறார், கையில் என்ன இருக்கிறது, எத்தனை விநாடியில் எந்தக் கதவருகே வருவார் என்று மனத்துக்குள் வரைந்துகொண்டே இருப்பார். கேட்க வேண்டிய சத்தம் கேட்காமல் போனால் அதுவும் ஒரு செய்தி: அவர் ஓடாமல், குதிக்காமல், எங்கோ ஒளிந்து காத்திருக்கிறார். அமெரிக்காவின் ரஃபா என்ற புனைபெயர் கொண்ட ஷேன் ஹெண்ட்ரிக்சன், பின்னால் வந்த குவேக் ஆட்டங்களான குவேக் லைவ் காலத்திலிருந்து குவேக் சாம்பியன்ஸ் காலம் வரை முன்னணியில் நின்றதற்கு, குறி பார்க்கும் கையைவிட இப்படி ஊகிக்கும் மூளையையே பார்வையாளர்கள் பெரிதும் காரணமாகச் சொல்வார்கள். அவர் ஆடிய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்தால், எதிராளி வருவதற்கு முன்பே அவர் வரப்போகும் இடத்துக்கு ராக்கெட் போய்க்கொண்டிருப்பதைக் காணலாம்.

அடுத்தது நகர்வு. இதைப் பற்றி எழுத எனக்குத் தனி விருப்பம் உண்டு, ஏனெனில் ஆட்டத்தின் மிக அழகான பகுதி ஒரு பிழையிலிருந்து பிறந்தது. குவேக் 3-இல் தரையில் ஓடும் வேகத்துக்கு விநாடிக்கு 320 அலகு என்ற வரம்பு உண்டு. ஆனால் ஆட்டத்தின் நிரல் அந்த வரம்பைச் சரிபார்க்கும்போது ஒட்டுமொத்த வேகத்தைப் பார்ப்பதில்லை. ஆட்டக்காரர் எந்தத் திசையில் போக விசையை அழுத்துகிறாரோ, அந்தத் திசையில் இப்போது எவ்வளவு வேகம் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. ஓடும் திசைக்குச் சற்றுக் கோணலாக ஒருவர் அழுத்தினால், அந்தக் கோணத் திசையில் அளக்கப்படும் வேகம் 320-க்குக் கீழே இருக்கும். உடனே நிரல் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டிவிடும். கால் தரையில் இருந்தால் உராய்வு அந்தக் கூடுதலைத் தின்றுவிடும்; எனவே தரையைத் தொட்ட கணமே மீண்டும் குதித்துக்கொண்டே போக வேண்டும். முன்னோக்கிய விசையோடு பக்கவாட்டு விசையையும் சேர்த்து அழுத்தி, குதிக்கும் ஒவ்வொரு முறையும் மவுஸை மென்மையாக வளைத்து, வேகத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவதுதான் ஸ்ட்ரேஃப் ஜம்ப்.

இதைத் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் பிழையாகத்தான் கருதினார். ஆட்டம் உருவாகிக்கொண்டிருந்த 1999-இல் அதைத் திருத்தியும் பார்த்தார். திருத்தினால் சாதாரணமாக ஓடும் உணர்வே கெட்டுப்போனதால் விட்டுவிட்டார். பிற்காலத்தில் வெளியிடப்பட்ட மூலநிரலில் அந்தத் திருத்தம் செயலிழக்கச் செய்யப்பட்ட நிலையில் இன்றும் இருக்கிறது. இதுதான் முறையான வழி, ஆனால் கையாள்வதற்கு நன்றாக இல்லை என்ற பொருளில் அருகே ஒரு குறிப்பும் இருக்கிறது. கணக்கு சரியாக இருந்தும் கைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு திருத்தத்தைத் தள்ளிவைத்த அந்த முடிவுதான் இந்த ஆட்டத்துக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன். ஏனெனில் அதனால் நடப்பதே ஒரு கலையாகிவிட்டது. ஓடுவதற்குப் பயிற்சி தேவைப்படும் ஆட்டத்தில், எதிராளி யாருமே இல்லாத காலி மேப்பிலும் கற்றுக்கொள்ள ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். இதை மட்டுமே எடுத்துக்கொண்டு டிஃப்ராக் என்ற மாட், அதாவது ரசிகர்கள் மாற்றியமைத்த வடிவம், வளர்ந்தது. அதில் யாரையும் சுட வேண்டியதில்லை, மேப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எவ்வளவு விரைவில் போகலாம் என்பதே போட்டி. காற்றில் இருக்கும்போதும் திசை திருப்பும் ஆற்றலைக் கூட்டி, ஆட்டத்தை இன்னும் வேகமாக்கிய சேலஞ்ச் புரோமோட் அரீனா என்ற மாட்டுக்கும் தனி ஆட்டக்காரர் கூட்டம் உண்டு. காலடியில் ராக்கெட்டைச் சுட்டு, அந்த வெடிப்பின் உந்துதலால் உயரத்துக்குத் தாவும் ராக்கெட் ஜம்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். அது தன் ஹெல்த்தையே விலையாகக் கொடுத்து நேரத்தை வாங்கும் உத்தி. கவசம் தோன்ற இரண்டு விநாடி இருக்கும்போது அந்த விலை தகுமா தகாதா என்று முடிவெடுக்க அரை விநாடிகூடக் கிடைக்காது.

ஆயுதங்கள் இந்த நகர்வோடு எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை மூன்றை மட்டும் வைத்துச் சொல்கிறேன். ராக்கெட் விநாடிக்கு 900 அலகு வேகத்தில்தான் போகும். எதிராளி இப்போது இருக்கும் இடத்தை நோக்கிச் சுட்டால் அது போய்ச் சேரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். ஆகவே, இனி இருக்கப்போகும் இடத்தை நோக்கி, பெரும்பாலும் அவருடைய காலடித் தரையை நோக்கிச் சுட வேண்டும். லைட்னிங் கன்னின் மின்கீற்று உடனே தொடும். விலகாமல் இலக்கின்மேலேயே வைத்திருந்தால் விநாடிக்கு 160 சேதம். ஆனால் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் அது எட்டாது. ரெயில்கன் எவ்வளவு தூரத்திலும் உடனே தாக்கும், 100 சேதம். தவறவிட்டால் அடுத்த சுடலுக்கு ஒன்றரை விநாடி காத்திருக்க வேண்டும், இந்த ஆட்டத்தில் ஒன்றரை விநாடி என்பது மிக நீண்ட காலம். ராக்கெட் பட்டவர் காற்றில் தூக்கி எறியப்படுவார். காற்றில் இருப்பவரால் தன் பாதையை அதிகம் மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே அவர் எங்கே விழுவார் என்பது சுட்டவருக்குத் தெரியும். ராக்கெட்டால் தூக்கி, ஆயுதத்தை மாற்றி, விழுவதற்குள் ரெயில்கன்னால் அடித்து முடிப்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவை, எண்ணிக்கையில் பத்து மடங்கு ஆயுதங்கள் கொண்ட பிற்கால ஆட்டங்கள் எனக்குக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு ஆயுதமும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கும் உரியது. எந்த ஆயுதமும் மற்றொன்றின் வேலையைச் செய்துவிடுவதில்லை.

மேப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. வெற்று வெளியில் மிதக்கும் மேடைகளால் ஆன டிஎம்17 என்ற மேப் பலருக்கு இந்த ஆட்டத்தின் முகமே. தவறி விழுந்தால் சாவுதான், ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்கு ஜம்ப் பேடுகள் தூக்கிப் போடும், காற்றில் பறப்பவரை ரெயில்கன்காரர் பறவையைக் குறிபார்ப்பது போலக் குறிபார்ப்பார். பார்க்க விருந்து, ஆனால் நேரத்தையும் ஒலியையும் வைத்து நடக்கும் ஆழமான டூயல் ஆட்டத்துக்கு, அறைகளும் மேல்தளங்களும் பின்னிய சிறிய மேப்புகளே ஏற்றவை. அவற்றில் புகழ்பெற்ற பிளட் ரன், ரசிகர் ஒருவர் உருவாக்கியது. போட்டிகளில் நிலைபெற்று, பிறகு குவேக் லைவிலும் குவேக் சாம்பியன்ஸிலும் அதிகாரபூர்வமாகவே இடம்பிடித்தது. ஆட்டத்தை ஆடியவர்கள் செய்த ஒன்று ஆட்டத்தின் அங்கமாகவே மாறிப்போனது. இதைவிட நல்ல சான்று அதன் திறந்த மனத்துக்கு வேண்டியதில்லை.

திறந்த மனம் என்று சொன்னது வெறும் பாராட்டுக்காக இல்லை. ஆட்டம் இன்றும் உயிரோடு இருப்பதன் நடைமுறைக் காரணமே அதுதான். யார் வேண்டுமானாலும் சொந்தமாக சர்வர் நடத்தலாம் என்பது முதல் நாளிலிருந்தே இருந்தது. 2005 ஆகஸ்டில் இட் சாஃப்ட்வேர் அதன் மூலநிரலை, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அதை எடுத்துப் பிழை நீக்கி, புதிய கணினிகளிலும் ஓடும்படி தன்னார்வலர்கள் பேணிவருவது ஐஓகுவேக்3. அதே நிரலின்மேல் படங்களையும் ஒலிகளையும் புதிதாகச் செய்து சேர்த்து, முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் அரீனாவும் உருவானது. இதற்கு மாறான நிலையையும் நாம் பார்த்துவிட்டோம். எபிக் நிறுவனம் தன் பழைய அன்ரியல் ஆட்டங்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றின் இணையச் சேவைகளை 2023 ஜனவரியில் நிறுத்தியது. அதன் பிறகு அந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது ரசிகர்களின் தனிப்பட்ட முயற்சிகள்தாம். நிறுவனத்தின் சர்வர் அணைந்தால் தானும் அணைந்துபோகும் ஆட்டங்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், ஆட்டத்தின் முழு இயக்கமும் ஆட்டக்காரர்கள் கையிலேயே இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இப்போதுதான் பலருக்குப் புரிகிறது.

நிரல் திறந்திருந்ததன் பயன் ஆட்டக்காரர்களோடு நின்றுவிடவும் இல்லை. செயற்கை நுண்ணறிவு ஆய்வு செய்யும் டீப்மைண்ட் நிறுவனம், ஐஓகுவேக்3-ஐ அடிப்படையாகக் கொண்ட தன் ஆய்வுக்களத்தில், குவேக் 3-இன் கொடி கைப்பற்றும் ஆட்டத்தைத் தானாகவே கற்றுக்கொள்ளும் முகவர் நிரல்களை உருவாக்கி, அந்த முடிவுகளை 2019-இல் சயின்ஸ் ஆய்விதழில் வெளியிட்டது. முப்பது முகவர்கள் ஏறக்குறைய 4,50,000 ஆட்டங்களைத் தங்களுக்குள் ஆடி, கூட்டாளியோடு சேர்ந்து தளத்தைக் காப்பது, எதிரணித் தளத்தருகே காத்திருப்பது போன்ற உத்திகளை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே கண்டடைந்தன. இருபது ஆண்டுப் பழைய ஓர் ஆட்டத்தை அவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு விடை மேலே சொன்னதுதான்: விதிகள் குறைவு, அவற்றிலிருந்து விளையும் நிலைகளோ எண்ணில் அடங்காதவை.

இவ்வளவு சிறப்பு இருந்தால் ஏன் இன்று ஆடுபவர்கள் குறைவு என்ற கேள்வியைத் தவிர்ப்பது நேர்மையாகாது. ஈர்ப்புக்கு எது காரணமோ அதுவே இந்தக் குறைவுக்கும் காரணம். நல்ல ஆட்டக்காரரை முதல்முறை எதிர்கொள்ளும் புதியவர் பத்து நிமிட டூயலில் ஒரு ஃப்ராக்கூட எடுக்காமல், அதாவது எதிராளியை ஒருமுறைகூட வீழ்த்தாமல், தோற்கலாம். தோல்வியை யார்மேலும் சுமத்த வழியில்லை. கூட்டாளி சரியில்லை என்று சொல்ல முடியாது, எதிராளியிடம் தன்னிடம் இல்லாத ஆயுதம் இருந்தது என்று சொல்ல முடியாது, அதிர்ஷ்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பிற்கால ஆட்டங்கள் இந்த இடத்தில் ஆறுதல்களை வைத்தன: தோற்றாலும் ஏறும் நிலைகள், திறக்கும் பரிசுகள், ஐந்து பேர் அணியில் தன் பங்கு மறைந்துபோகும் வசதி. அவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். வேலை முடித்துக் களைத்து வந்து அரை மணி நேரம் ஆடுபவருக்கு ஆறுதல் தேவைதான். குவேக் 3 ஆறுதல் சொல்வதில்லை. பதிலுக்கு, போன மாதம் தன்னை இருபதுக்குச் சுழியம் என்று வென்றவரிடமிருந்து இந்த மாதம் ஐந்து ஃப்ராக் எடுத்தால், அந்த ஐந்தும் முழுக்க முழுக்கத் தன்னுடையவை என்ற உறுதியைத் தருகிறது. அந்த உறுதியை ஒருமுறை சுவைத்தவர்களே இன்றும் விடாமல் ஆடுபவர்கள்.

அதே இட் சாஃப்ட்வேர் 2017-இல், முழுமையாவதற்கு முன்பே ஆடக் கொடுக்கும் முன்னணுகல் நிலையில் வெளியிட்ட குவேக் சாம்பியன்ஸ், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் திறன்களைக் கொடுத்துப் புதியவர்களை இழுக்க முயன்றது. நல்ல ஆட்டம்; டூயல் போட்டிகளும் சிறப்பாகவே நடந்தன. ஆனால் எல்லோரும் சமமாக இறங்கும் தொடக்கத்தை அது கலைத்துவிட்டது. எதிராளி எந்தப் பாத்திரம், அவருடைய திறன் இப்போது தயாரா என்பன போன்ற கேள்விகள் நேரக்கணக்கின்மேல் ஏறிக்கொண்டன. மூல ஆட்டத்தை விரும்பியவர்களில் ஒரு பகுதியினர் குவேக் 3-க்கும் குவேக் லைவுக்கும் திரும்பியதில் எனக்கு வியப்பில்லை. 2010-இல் முழுமையாக வெளியான குவேக் லைவ், ஏறக்குறைய அதே விதிகளோடு மெருகேற்றப்பட்ட குவேக் 3 என்றே சொல்லலாம்.

இன்று தொடங்க நினைப்பவருக்கு என் யோசனை இது. மூல ஆட்டம் சொந்தமாக இருந்தால் ஐஓகுவேக்3-ஐ நிறுவிக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் கோப்புகளை அதன் கோப்புறைக்குள் வைத்தால் போதும். விலை கொடுக்க விருப்பமில்லை என்றால் ஓப்பன் அரீனா. எதிராளிகள் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றால் ஸ்டீம் இணையக் கடையில் குவேக் லைவ். முதல் சில நாட்கள் யாரோடும் மோதாமல் ஒரே ஒரு சிறிய மேப்பை எடுத்து, அதில் சிவப்புக் கவசம் எங்கே, மெகா எங்கே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்த வழியாக எத்தனை விநாடியில் போகலாம் என்பதைக் காலுக்குப் பழக்குங்கள். பிறகு போட்களோடு ஆடும்போது குறி தவறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவசத்தை எடுத்த கணத்தில் கடிகாரத்தைப் பார்த்து, அதோடு 25 கூட்டி, அந்த எண்ணை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். சண்டையின் நடுவிலும் அந்த எண் மறக்காமல் இருக்கும் நிலை வந்த பிறகு மெகாவின் 35-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரேஃப் ஜம்ப்பை நாளுக்குப் பத்து நிமிடம், தனியாக. இவை மூன்றும் ஓரளவு கைவந்ததும் மனிதர்களோடு டூயல் ஆடத் தொடங்கலாம். தோற்ற ஆட்டங்களின் டெமோவை, அதாவது பதிவை, சேமித்து, எதிராளியின் பார்வையில் ஓடும் பதிவு கிடைத்தால் அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் கவசத்தருகே போய்ச் சேர்வதற்கு மூன்று விநாடி முன்பே அவர் ஏன் அந்தக் கதவைப் பார்த்து நின்றார் என்பது அதில் தெரியும்.